நாவல் வட்டத்தில் யாருக்கு எந்தப் பொறுப்பு? ஒரு தமிழாசிரியையின் அனுபவம்

பதினோராம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு நாவலைக் கொடுத்து, படித்துவிட்டு வந்து பேசுங்கள் என்று சொன்னால், பேசப்போகிறவர்கள் யார் யார் என்பதை எந்த ஆசிரியரும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். முன் வரிசையில் நான்கைந்து பேர் பேசுவார்கள். மற்றவர்கள் ஆசிரியரின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். கடைசிப் பெஞ்சில் சிலர் புத்தகத்தைத் திறந்தே இருக்க மாட்டார்கள். தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டை அடுத்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு, இந்த நிலையை மாற்ற உதவியது நாவல் வட்டம் என்னும் முறையும் அதில் ஒவ்வொரு மாணவருக்கும் தரப்படும் பொறுப்பும்தான். முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பொறுப்புகளைப் பற்றியே இங்கு விரிவாக எழுதுகிறேன். எதை யாருக்குத் தருவது, எது எந்த இடத்தில் தடம் மாறும், எப்போது அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பவையே இதைத் தொடங்க நினைக்கும் சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்.

நான்கு முதல் ஆறு பேர் கொண்ட சிறு குழு ஒரே நாவலைப் பகுதி பகுதியாகப் படித்து, குறித்த நாளில் வட்டமாக உட்கார்ந்து தமக்குள் பேசிக்கொள்வதே இந்த முறை. அமெரிக்கப் பள்ளிகளில் இது பரவலாக அறியப்பட, கல்வியாளர் ஹார்வி டேனியல்ஸ் 1994இல் வெளியிட்ட நூல் முக்கியமான காரணம். கேள்வி எழுப்புபவர், முக்கியமான வரிகளை எடுத்துக்காட்டுபவர், கதையை வாழ்க்கையோடு இணைத்துப் பார்ப்பவர், சொற்களைத் தேடுபவர், படம் வரைபவர், சுருக்கிச் சொல்பவர், பின்னணித் தகவல் திரட்டுபவர் என்று அவர் வகுத்த பொறுப்புகள் உலகெங்கும் ஆசிரியர்களின் கைக்கு வந்தன. அதே நூலின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பில், ஒவ்வொரு பொறுப்புக்கும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி மாணவர்களிடம் தரும் பொறுப்புத் தாள்கள் இயந்திரத்தனமாகிவிடும் ஆபத்தை அவரே எச்சரித்தார் என்பது அவ்வளவு பரவலாகத் தெரியவில்லை. பொறுப்பை நிலையானது என்று எடுத்துக்கொள்ளும் வகுப்புகளில் வட்டம் சில வாரங்களிலேயே களையிழந்துவிடுவதை நானும் பார்த்திருக்கிறேன்.

நாவலைத் தேர்ந்தெடுப்பதில் நான் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன். அது சிறியதாக இருக்க வேண்டும். நியாயம் எந்தப் பக்கம் என்று எளிதில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாததாக இருக்க வேண்டும். ஆர். சண்முகசுந்தரம் எழுதி 1942இல் வெளிவந்த நாகம்மாள் இரண்டுக்கும் பொருந்தியது. கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் தன் பங்கு நிலத்தைப் பிரித்துத் தரும்படி கேட்கிறாள். ஊரில் முரடனான கெட்டியப்பன் போன்றவர்கள் துணை நிற்பதாகச் சொல்லித் தூண்டிவிடுகிறார்கள். சச்சரவு சின்னப்பனின் சாவில் போய் நிற்கிறது. வரப்புத் தகராறும் பாகப் பிரிவினையும் கேள்விப்படாத பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது. பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, தாத்தா பாட்டியோடு இருந்து, விடியற்காலையில் தக்காளி பறித்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு நிலம் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாவலை நான்கு பகுதிகளாகப் பிரித்து, வாரம் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டோம்.

பொறுப்புகளில் உயிரானது கேள்வி எழுப்புபவரின் பொறுப்பு. மற்றவை அனைத்தும் இதற்குத் துணை என்றே நான் கருதுகிறேன். பத்தாம் வகுப்பு வரை குறுவினா, நெடுவினா என்று எழுதிப் பழகிய பிள்ளைகளிடம் கேள்வி தயாரித்து வரச் சொன்னால், சின்னப்பனின் மனைவி பெயர் என்ன, நாகம்மாளின் மகள் யார் என்றுதான் எழுதி வருவார்கள். அது அவர்கள் குறையன்று. கேள்வி என்றால் விடை புத்தகத்தில் இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை ஆண்டுகளாக அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். எனவே பொறுப்பைக் கொடுக்கும்போதே ஓர் உரைகல்லையும் கொடுக்கிறேன். பக்க எண்ணைக் காட்டிப் பதிலை முடித்துவிட முடியுமானால் அந்தக் கேள்வி வட்டத்துக்கு உரியதன்று; இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் சொல்லி, இருவருமே புத்தகத்திலிருந்து சான்று காட்ட முடியுமானால் அதுவே வட்டத்துக்கான கேள்வி. இதையும் கடினமாக உணர்பவர்களுக்கு, இங்கிலாந்தைச் சேர்ந்த எய்டன் சேம்பர்ஸ் வகுப்பறைகளுக்காக உருவாக்கிய நான்கு எளிய தொடக்கங்கள் கைகொடுக்கின்றன: எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது புரியவில்லை, எது திரும்பத் திரும்ப வருகிறது. இந்த நான்கில் மூன்றாவதுதான் எங்கள் மாணவர்களிடம் அதிகம் பலன் தருகிறது. புரியவில்லை என்பதை ஒரு பொறுப்பாகவே ஏற்று எழுதி வரலாம் என்று தெரிந்தவுடன், அதைச் சொல்லக் கூச்சப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு விடுதலை கிடைத்துவிடுகிறது.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவிக்கு இரண்டாம் பகுதிக்குக் கேள்வி எழுப்பும் பொறுப்பு வந்தது. அவள் வீட்டில் பாட்டி அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நாவலைச் சத்தமாகப் படித்திருக்கிறாள். கேட்டுக்கொண்டே வந்த பாட்டி, "பங்கு கேக்கறது தப்பில்ல கண்ணு, யாரக் கூட வெச்சிக்கினு கேக்கறோம்னு இருக்குதில்ல" என்று சொல்லியிருக்கிறார். அதை அப்படியே குறித்துக்கொண்டு வந்தவள், வட்டத்தில், "நாகம்மாள் பங்கு கேட்டது தப்பா, யாரை வைத்துக்கொண்டு கேட்டாள் என்பது தப்பா?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மாணவன், "அவளுக்கு வேற யாரு இருந்தாங்க?" என்றான். வரி எடுக்கும் பொறுப்பில் இருந்தவள் புத்தகத்தைப் புரட்டி, நாகம்மாள் வீட்டுக்குள் எப்படி நடத்தப்படுகிறாள் என்பதைக் காட்டும் ஓர் இடத்தைப் படித்தாள். சின்னப்பன் நல்லவன்தானே என்று இன்னொருவன் மடக்க, நல்லவன் பங்கைப் பிரித்துக் கொடுத்திருக்கலாமே என்று மற்றொருத்தி கேட்க, மணி அடித்த பிறகும் அந்த ஐந்து பேரும் எழுந்திருக்கவில்லை. கேள்வி கேட்ட மாணவி அந்த விவாதத்தில் அதன் பிறகு நான்கைந்து வாக்கியங்களுக்கு மேல் பேசியிருக்க மாட்டாள். ஆனால் அன்று அந்த வட்டத்தை நடத்தியவள் அவள்தான் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதனால்தான், அதிகம் பேசாத பிள்ளைக்குக் கேள்வி எழுப்பும் பொறுப்பை முதல் சுற்றுகளிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று சொல்கிறேன். பேசத் தெரிந்தவர்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லாமலே பேச வாய்ப்புக் கிடைத்துவிடும். கூச்சமுள்ள பிள்ளைக்கு, நான் பேசலாமா என்ற தயக்கத்தை வெளியிலிருந்து யாராவது எடுத்துவிட வேண்டியிருக்கிறது. அதைத்தான் பொறுப்பு செய்கிறது. மாறாக, முதல் மதிப்பெண் எடுக்கும் மாணவர்கள் பலர் இந்தப் பொறுப்பில் திணறுகிறார்கள். விடை தெரிந்த கேள்வியை மட்டுமே கேட்டுப் பழகியவர்கள் அவர்கள்.

பின்னணித் தகவல் திரட்டுபவரின் பொறுப்பு, சரியாக வழிநடத்தாவிட்டால், வட்டத்திலேயே மிக வறண்ட பகுதியாகிவிடும். ஆசிரியர் பிறந்த ஆண்டு, எழுதிய நூல்களின் பட்டியல் ஆகியவற்றைக் கைபேசியிலிருந்து பார்த்து எழுதி வந்து ஒப்பிப்பதோடு அது முடிந்துவிடும். ஆகவே, தகவலைத் தேடும் முன் அது நாவலில் எழுந்த எந்தக் கேள்விக்கு உதவும் என்பதைக் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுத வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். அந்த விதியின் பலனை ஒரு மாணவன் காட்டினான். நாகம்மாளுக்குச் சட்டப்படி பங்கு உண்டா என்பது அவன் எழுதிய கேள்வி. பத்திரம் எழுதும் வேலையில் இருக்கும் தன் மாமாவிடம் கேட்டு, 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது, தமிழ்நாட்டில் 1989இல் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தரப்பட்டது, 2005இல் அது இந்தியா முழுவதற்கும் ஆனது என்று அடுக்கினான். எல்லாம் நாவல் வந்த பிறகு நடந்தவை ஆயிற்றே, 1942இல் என்ன நிலை என்று கேட்டு அவனைத் திருப்பி அனுப்பினேன்.

தருமபுரி மாவட்ட மைய நூலகத்தில் தேடி, தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டு அவன் கொண்டுவந்தது வட்டத்தையே புரட்டிப்போட்டது. 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம், கூட்டுக் குடும்பத்தில் கணவனை இழந்த பெண்ணுக்குக் கணவனின் பங்கில் வாழ்நாள் உரிமையும் அதைப் பிரித்துக் கேட்கும் உரிமையும் கொடுத்தது. ஆனால் மாகாணங்களில் உள்ள விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவின் ஃபெடரல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் தனிச் சட்டம் ஒன்றின் மூலம் விவசாய நிலத்துக்கும் அந்த உரிமையை நீட்டித்தது 1947இல்தான். நாவல் வெளிவந்த 1942 இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் நிற்கிறது. அவன் இதைச் சொல்லி முடித்ததும், அதுவரை நாகம்மாளைக் கடுமையாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாணவி, "அப்படின்னா கோர்ட்டுக்குப் போயிருந்தாலும் காடு கிடைச்சிருக்காதா?" என்று கேட்டாள். காடு என்று எங்கள் பக்கத்தில் சொல்வது விவசாய நிலத்தை. கோர்ட்டும் இல்லை, வீட்டிலும் நியாயம் இல்லை என்றால் ஊர்ப் பெரியவரையும் முரட்டு ஆளையும் விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று பேச்சு திரும்பியது. பாட்டி சொன்ன வார்த்தையும் சட்டத்தின் ஆண்டுகளும் ஒரே கேள்வியில் வந்து சேர்ந்த இடம் அது. நாவலாசிரியர் சட்டத்தைப் பற்றி எண்ணி எழுதினார் என்று நாங்கள் முடிவு கட்டிவிடவில்லை. எண்ணாவிட்டாலும் அந்தப் பெண் நின்ற இடம் எவ்வளவு குறுகியது என்பது பிள்ளைகளுக்குத் தெளிவாகிவிட்டது.

கதையை வாழ்க்கையோடு இணைத்துப் பார்ப்பவரின் பொறுப்பில் மிகுந்த கவனம் தேவை. நிலத் தகராறைப் பற்றிய நாவல் என்பதால், எங்கள் பெரியப்பா இப்படித்தான் செய்தார், எங்கள் கிணற்றுப் பங்கு இன்னும் வழக்கில் இருக்கிறது என்று பிள்ளைகள் சொந்த வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கேட்பவர்களும் அதே ஊர்க்காரர்கள், சில வேளைகளில் அதே பங்காளிகளின் பிள்ளைகள். பள்ளியில் காலையில் சொன்னது மாலை டவுன் பஸ்ஸிலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அதற்காக இந்தப் பொறுப்பையே நீக்கிவிடுவது நாவலின் உயிரை எடுத்துவிடுவதாகும் என்பது என் எண்ணம். பதிலாகச் சில எல்லைகளை வகுத்திருக்கிறேன். பெயர் சொல்லக் கூடாது; சொந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை; செய்தித்தாளில் படித்தது, வேறு கதையில் வந்தது, பாட்டி சொன்ன பழைய கதை ஆகிய எதுவும் இணைப்பாகலாம்; ஒருவர் தன் அனுபவத்தைச் சொன்னால், அதைப் பற்றி வேறொருவர் கருத்துச் சொல்லாமல், நாவலுக்கே திரும்பி வர வேண்டும். இந்தக் கடைசி எல்லைதான் மிக முக்கியமானது. இணைத்துப் பேசுபவர் நாவலிலிருந்து வெளியே போகலாம், ஆனால் நாவலைப் பற்றி ஏதோ ஒன்று புதிதாகத் தெரிந்துகொண்டு திரும்பி வர வேண்டும். இல்லாவிட்டால் அது ஊர்க்கதையாகவே நின்றுவிடும்.

சாதியைப் பற்றிய பேச்சு எழும் இடங்களில் ஆசிரியர் அந்தக் குழுவின் அருகில் இருந்தே ஆக வேண்டும். யாருக்குக் கொடுத்த பொறுப்பாக இருந்தாலும், பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றிவிட்டு நாம் மேசையில் உட்கார்ந்து பதிவேடு எழுதிக்கொண்டிருக்க முடியாது.

வரி எடுப்பவர், சொல் தேடுபவர் ஆகிய பொறுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரி எடுப்பவர் இரண்டு அல்லது மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, பக்க எண்ணோடு, அதை ஏன் எடுத்தேன் என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம் எழுதி வர வேண்டும். காரணம் எழுதாத தேர்வு, அழகான வர்ணனை என்ற ஒரே திசையில் போய்விடும். சொல் தேடுபவர் அகராதியைப் பார்ப்பதற்கு முன் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்க வேண்டும். கொங்குப் பேச்சும் எங்கள் பேச்சும் எங்கே ஒன்றாகின்றன, எங்கே பிரிகின்றன என்பதில் முதியவர்கள் காட்டும் ஆர்வம் பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கிறது. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் பிள்ளைகளுக்கு இந்தப் பொறுப்பு தானாகவே ஒரு மதிப்பைத் தருகிறது.

படம் வரைபவரின் பொறுப்பை நான் சற்றே மாற்றிக்கொண்டேன். காட்சியை வரையச் சொன்னால் அழகாக வரையத் தெரிந்த ஒருவர் மட்டுமே அதை விரும்புகிறார். எனவே, வீடு, காடு, கிணறு, ஊர்ப் பாதை என்று கதை நடக்கும் இடத்தின் வரைபடத்தைப் போடச் சொல்கிறேன். அல்லது பாத்திரங்களை வட்டங்களாகப் போட்டு, யாருக்கு யார் மேல் வருத்தம், யாருக்கு யாரிடம் பயம் என்று அம்புக்குறி போடச் சொல்கிறேன். உறவு அம்புகளை ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வேறு நிறத்தில் திருத்தும்போது, நாவல் எப்படிச் சூடேறுகிறது என்பது ஒரே தாளில் தெரிகிறது. நான்காம் பகுதியில் ஒரு குழுவின் தாளில் கெட்டியப்பனிடமிருந்து கிளம்பிய அம்புகள் எல்லோரையும் தொட்டிருந்தன. அவனை நோக்கி வந்த அம்புகளோ மிகச் சில. அவனுக்கு இந்தச் சண்டையால் என்ன லாபம் என்ற கேள்வி அந்தத் தாளிலிருந்துதான் பிறந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குப் படம், நன்றாக எழுதும் பிள்ளைக்குச் சுருக்கம் என்று ஆசிரியரின் கை தானாகவே போகும். குழுவே பங்கிட்டுக்கொண்டாலும் அப்படித்தான் நடக்கும். இதற்கு இடம் கொடுத்தால், வட்டம் வகுப்பின் பழைய வரிசையை அப்படியே திரும்ப உருவாக்கிவிடும். ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பு மாறியே தீர வேண்டும். யாருக்கு எது வந்தது என்று குழுக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். மெதுவாகப் படிக்கும் மாணவருக்கு வரி எடுக்கும் பொறுப்பு வரும்போது, அந்தப் பகுதியை மற்றொருவரோடு சேர்ந்து மதிய இடைவேளையில் உரக்கப் படிக்க ஏற்பாடு செய்கிறேன். ஒரு பகுதியில் இரண்டு வரிகளை மட்டும் ஆழமாகப் பார்க்கும் வேலை, வேகமாக வாசிக்கத் தெரியாதவருக்கு நாம் நினைப்பதைவிட நன்றாகப் பொருந்துகிறது.

சுருக்கிச் சொல்பவர் என்ற பொறுப்பை இரண்டாம் பகுதிக்குப் பிறகு நிறுத்திவிடுவது நல்லது என்பது என் முடிவு. எல்லோரும் படித்துவிட்டு வந்த கதையை ஒருவர் மீண்டும் சொல்வதில் யாருக்கும் பயனில்லை. படிக்காமல் வந்தவருக்கு மட்டுமே அது உதவும், அந்த உதவியும் அவருக்குத் தீமையே. அதன் இடத்தில் நான் வைத்திருப்பது, கவனித்துக் குறிப்பவர் என்ற பொறுப்பு. இவர் முதல் பத்து நிமிடம் பேசக் கூடாது. ஒரு தாளில் குழுவினரின் பெயர்களை வட்டமாக எழுதி, யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்று கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். இறுதியில் அந்தத் தாளைக் குழுவின் நடுவில் வைத்தால், ஒருவரிடமிருந்து மட்டுமே கோடுகள் கிளம்பியிருப்பதையோ, ஒருவரை எந்தக் கோடும் தொடாமல் விட்டிருப்பதையோ எல்லோரும் பார்ப்பார்கள். ஆசிரியர் வாய் திறந்து யாரையும் குறை சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் தானே பதில் சொல்லிவிடும் மாணவருக்கு இந்தப் பொறுப்பை ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். பேசாமல் கேட்கும் அந்தப் பத்து நிமிடத்தில், தன் குழுவில் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று அவர் வியந்துபோவதை நேரிலேயே காணலாம்.

இனி, பெரும்பாலான குழுக்களில் முதல் வாரத்திலேயே தலைகாட்டும் சிக்கலுக்கு வருகிறேன். ஒவ்வொருவரும் தமது குறிப்பேட்டைத் திறந்து, முறை வைத்து, எழுதியதைப் படித்து முடிப்பார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து, "அம்மா, எங்க குழு முடிச்சிட்டோம்" என்று கை உயர்த்துவார்கள். எல்லோரும் வேலையைச் செய்திருப்பார்கள்; ஆனால் ஒருவர்கூட இன்னொருவரோடு பேசியிருக்க மாட்டார். இதற்கு மூன்று சிறிய ஏற்பாடுகள் பலன் தந்தன. முதலாவது, வட்டம் தொடங்கும்போது கேள்வி எழுப்புபவரின் குறிப்பேடு மட்டும் திறந்திருக்க வேண்டும். மற்றவை மூடியிருக்க வேண்டும். பேச்சு தன் பொறுப்பைத் தொடும்போது அவரவர் திறந்துகொள்ளலாம். இரண்டாவது, புதிதாக ஒன்றைச் சொல்ல வருபவர், தனக்கு முன் பேசியவர் சொன்னதை ஒரு வாக்கியத்திலாவது தொட்டுவிட்டுத்தான் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாவது, தயாரித்து வந்த எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சொல்லாமல் மிஞ்சியதைக் குறிப்பேட்டிலேயே விட்டுவிடலாம், நான் அதைப் படித்துக்கொள்வேன். இந்த மூன்றில் கடைசிதான் பிள்ளைகளுக்கு நம்பக் கடினமாக இருந்தது. எழுதிய அனைத்தையும் ஒப்பித்தால்தான் மதிப்பெண் என்ற பழக்கம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

மதிப்பெண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொறுப்புக்கு மதிப்பெண் போடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அகமதிப்பீட்டுக்கான 10 மதிப்பெண்ணில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். ஒதுக்கினால், குறிப்பேடுகள் அழகாகும், அடிக்கோடுகள் நேராகும், பேச்சு நின்றுவிடும். நாவல் முழுவதும் முடிந்த பிறகு ஒவ்வொருவரும் ஒரு பக்கக் கட்டுரை எழுதுகிறார்கள். தன் குழுவில் வேறொருவர் சொன்ன ஒரு கருத்தை எடுத்து, அதை ஏற்றோ மறுத்தோ எழுத வேண்டும். மதிப்பீடு அதற்கு மட்டுமே. தன் குழுவைக் காதுகொடுத்துக் கேட்காதவரால் அந்தக் கட்டுரையை எழுத முடியாது.

மாணவர்களும் மாணவிகளும் ஒரே குழுவில் உட்காரலாமா என்பது எங்கள் பகுதிப் பள்ளிகளில் நடைமுறைக் கேள்வி. முதல் பகுதிக்குத் தனித்தனிக் குழுக்களாக வைத்து, முறை பழகிய பிறகு கலந்து வைக்கிறேன். இந்த நாவலைப் பொறுத்தவரை கலந்த குழுக்களின் பேச்சே ஒரு படி மேலாக இருந்தது. பங்கு கேட்கும் பெண்ணைப் பற்றி மாணவர்கள் மட்டும் பேசினாலும் மாணவிகள் மட்டும் பேசினாலும் எல்லோரும் சீக்கிரம் ஒத்துப்போய்விடுகிறார்கள்.

ஆசிரியரின் இடம் வட்டத்துக்கு வெளியே. இதைச் சொல்வது எளிது, கடைப்பிடிப்பது கடினம். பக்கத்தில் போய் நின்றாலே பிள்ளைகள் குழுவைப் பார்ப்பதை விட்டு நம்மைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே குழுவின் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு, அவர்களின் முகத்தைப் பார்க்காமல் என் குறிப்பேட்டைப் பார்த்தபடி எழுதிக்கொண்டிருப்பேன். தவறான தகவலைச் சொல்லிவிட்டார்களே என்று நாக்கு துறுதுறுக்கும் நேரங்களில், பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் வேறொரு பிள்ளை புத்தகத்தைத் திறந்து திருத்திவிடும். திருத்தாமல் போனால் அதை எழுதி வைத்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் முழு வகுப்புக்கும் பொதுவாக ஒரு கேள்வியாக வைக்கிறேன்.

புடலங்கொடி பந்தல் ஏறும் வரை பக்கத்தில் நடும் கொம்பு எதற்கோ, அதற்குத்தான் இந்தப் பொறுப்புகள். கொடி பந்தலைப் பற்றிவிட்ட பிறகு கொம்புக்கு அங்கே வேலை இல்லை. எப்போது எடுப்பது என்பதற்கு நான் பார்க்கும் அடையாளம், ஒருவர் தனக்குத் தரப்படாத வேலையைத் தானாகச் செய்யத் தொடங்குவது. வரி எடுப்பவர் கேள்வி கேட்கிறார். கேள்வி எழுப்புபவர் பக்கத்தைப் புரட்டிச் சான்று தேடுகிறார். படம் வரைபவர், பேசாமல் இருக்கும் நண்பனைப் பார்த்து நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார். இது நடக்கும் குழுவில் நான்காம் பகுதிக்குப் பொறுப்பே கொடுப்பதில்லை. படிக்கும்போது மனத்தில் தைத்த இடத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்து, அதில் ஒரு வரி எழுதிவந்தால் போதும் என்று சொல்லிவிடுகிறேன். எல்லாக் குழுக்களும் ஒரே வாரத்தில் அந்த நிலைக்கு வராது. ஒரு குழுவுக்குப் பொறுப்பு உண்டு, பக்கத்துக் குழுவுக்கு இல்லை என்ற நிலையைப் பிள்ளைகள் எந்தச் சங்கடமும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆசிரியர்கள்தான் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே என்று கவலைப்படுகிறோம்.

நடைமுறைச் செய்திகள் சில. 40 பேர் உள்ள வகுப்பில் ஐவர் ஐவராக எட்டுக் குழுக்கள் வரும். ஆளுக்கு ஒரு பிரதி கிடைப்பது அரசுப் பள்ளியில் அரிது. குழுவுக்கு இரண்டு பிரதிகள் இருந்தாலே வட்டத்தை நடத்த முடியும். ஒரு பிரதி கேள்வி எழுப்புபவரிடமும் மற்றொன்று வரி எடுப்பவரிடமும் முதல் இரண்டு நாள் இருந்து, பிறகு மற்றவர்களிடம் கை மாறினால் போதும். பிரதிகளுக்கு நாங்கள் பள்ளி நூலகத்தையும், தருமபுரிப் புத்தகத் திருவிழாவில் கிடைக்கும் தள்ளுபடியையும், ஆசிரியர்கள் சிலரின் கைப்பணத்தையும் நம்பியிருக்கிறோம். ஒரு பாடவேளையில் 25 நிமிடம் வட்டத்துக்கும், 5 நிமிடம் கவனித்துக் குறிப்பவரின் தாளுக்கும், மீதி முழு வகுப்புக்கும் என்று பிரித்தால் நேரம் சரியாக வரும். பள்ளி விட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள். மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்த பேருந்துக்காக இருட்டும் வரை நிற்க வேண்டிய ஊர்களிலிருந்து வரும் மாணவிகள் முதலில் விலகிக்கொள்வார்கள், வட்டத்துக்கு அதிகம் தேவைப்படுபவர்களும் அவர்களே.

அடுத்த நாவலைக் குழுக்களே தேர்ந்தெடுக்கின்றன. மூன்று நாவல்களின் முதல் அத்தியாயத்தை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, எது வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் எழுதித் தரச் சொல்கிறேன். இரண்டு குழுக்கள் ஒரே நாவலைக் கேட்டால், பிரதிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் பொறுப்பும் அந்த இரண்டு குழுக்களுடையதே.